மதிப்பெண்ணும் தர எழுத்தும்



தமிழ்நாட்டை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் குடியமர்ந்த நம்மவர் குடும்பங்களில், பிள்ளைகளின் கல்விக்கென ஒதுக்கும் பொருளுக்கும் கவலைக்கும் குறைவில்லை. பள்ளியிறுதித் தேர்வின் முடிவை நாம் எளிதில் உணர்ந்துகொள்கிறோம். நூற்றுக்கு இத்தனை என்று எண் வருகிறது. அதைக் கண்டு மகிழ்கிறோம், அல்லது வருந்துகிறோம். ஆனால் மகனோ மகளோ பட்டப் படிப்பை முடித்து முதுநிலை வகுப்பிற் சேர்ந்த பின்னர் வீட்டுக்கு வருகிற தாளில், எண் இருந்த இடத்தில் எழுத்து நிற்கிறது. ‘பி பிளஸ்’ என்கிறது, கீழே ‘7.05’ என்கிறது. இது முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா? பத்துக்கு ஏழு என்றால் நூற்றுக்கு எழுபதா? இதைக் கொண்டு ஆராய்ச்சிப் படிப்பில் சேர முடியுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

இவை பெற்றோர் எல்லார்க்கும் உரிய வினாக்களே. எனினும், பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மேலும் ஒரு காரணத்தால் இவை முக்கியமானவை. நம் பிள்ளைகள் பலர் ஒரு மாநிலத்தில் பட்டம் பெற்று, மற்றொரு மாநிலத்தில் முதுநிலை பயின்று, மூன்றாவது ஒன்றில் ஆராய்ச்சிக்கோ வேலைக்கோ மனுச் செய்கிறவர்கள். ஓர் ஊர்ப் படியால் அளந்த நெல்லை வேறோர் ஊர் மரக்காலால் அளந்து காட்டும் நிலை அவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. நெல் அதுவேதான், ஆனால் கணக்கு மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தால் ஒருவருக்கு வாயில் திறப்பதும் உண்டு, அடைபடுவதும் உண்டு. ஆகவே அளவையின் இயல்பை நாம் அறிந்திருப்பது கடமை.

முதலில் பழைய முறையைச் சிறிது நினைவு கூர்வோம். கல்கத்தா, பம்பாய், சென்னை என்னும் மூன்று நகரங்களிலும் 1857-ஆம் ஆண்டில் பல்கலைக் கழகங்கள் தோன்றின. அவை இலண்டன் பல்கலைக் கழகத்தைப் பின்பற்றி அமைந்தவை. தொடக்கத்தில் அவை பாடம் கற்பிக்கவில்லை. கல்லூரிகளில் பயின்றோர்க்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அவற்றின் பணியாயிருந்தது. கற்பித்தவர் ஒருவர், மதிப்பிட்டவர் வேறொருவர். தேர்வாளருக்கு மாணவரின் முகம் தெரியாது. பதிவெண் ஒன்றே தெரியும். ஆண்டு முழுவதும் கற்றது சில நாள் தேர்வில் எடைபோடப்பட்டது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பாகுபாடு அவ்வழியே வந்து நம் வீடுகளில் வேரூன்றியது. நூற்றுக்கு அறுபது என்பது பிற்காலத்தில் ஒரு மந்திர எண்ணாகவே ஆகிவிட்டது.

அம்முறையில் நன்மை இல்லாமல் இல்லை. முகம் அறியாதவர் மதிப்பிடுவதால் பரிந்துரைக்கு இடம் குறைவு. ஆனால் ஒரு பெருங்குறையும் அதனுள் இருந்தது. பூஜ்யம் முதல் நூறு வரை 101 படிகள் உள்ளன. ஒரு வரலாற்றுக் கட்டுரையைப் படித்து, இது 59-க்கு உரியது, 60-க்கு உரியது அன்று என்று துணிந்து சொல்லும் நுண்மை எந்தத் தேர்வாளருக்கும் கிடையாது. ஒரே விடைத்தாளை இருவர் திருத்தினால் ஐந்தாறு மதிப்பெண் வேறுபடுவது இயல்பு. இருப்பினும் 59 பெற்றவர் ஒரு வகுப்பிலும் 60 பெற்றவர் வேறொரு வகுப்பிலும் வாழ்நாள் முழுவதும் வைக்கப்பட்டனர்.

நாடு விடுதலை பெற்றவுடன், 1948-ஆம் ஆண்டில், டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக் கழகக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் அதில் ஓர் உறுப்பினர். பல்கலைக் கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டுமே செய்ய இயலுமாயின், அது தேர்வு முறையைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பது அக்குழுவின் முடிவு. கட்டடமும் நூலகமும் ஆசிரியரும் போதாதிருந்த அக்காலத்தில் அறிஞர்கள் இவ்வாறு கூறினார்கள் என்றால், தேர்வு முறையின் குறை எத்துணைப் பெரிதாக அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்!

ஆயினும் மாற்றம் மெல்லவே வந்தது. ஐ.ஐ.டி. என்று வழங்கும் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் எழுத்துத் தரங்களை முன்னரே கையாளத் தொடங்கிவிட்டன. பெரும்பாலான பல்கலைக் கழகங்களோ மதிப்பெண்ணையும் வகுப்பையும் விடாமல் பற்றியிருந்தன. 2015-ஆம் ஆண்டை ஒட்டிப் பல்கலைக் கழக மானியக் குழு, விருப்பப் பாடங்களுக்கு இடம் தரும் அலகு முறையை நாடெங்கும் பரிந்துரைத்தது. அதனுடன் பத்துப் புள்ளித் தர அளவும் வந்தது. இன்று நம் வீடுகளுக்கு வருகிற தரப்பட்டியல்களிற் பல இவ்வளவை ஒட்டியவையே.

அந்த அளவு வருமாறு: தலைசிறந்த தரத்துக்கு ‘ஓ’ என்னும் எழுத்து, அதற்குப் புள்ளி 10. அடுத்து ‘ஏ பிளஸ்’, 9, ‘ஏ’, 8, ‘பி பிளஸ்’, 7, ‘பி’, 6, ‘சி’, 5. கடைசியாகத் தேர்ச்சியை மட்டும் குறிக்கும் எழுத்துக்குப் புள்ளி 4. அந்தக் கடைசி எழுத்தையும் தமிழில் ‘பி’ என்றே எழுத நேரிடுமாதலால், குழப்பம் வாராதபடி அதை நாம் ‘தேர்ச்சித் தரம்’ என்போம். தவறினோர்க்கு ‘எஃப்’, அதற்குப் புள்ளி இல்லை. தேர்வுக்கு வாராதோர்க்கும் புள்ளி இல்லை. ஆக, 101 படிகள் இருந்த இடத்தில் எட்டுப் படிகளே உள்ளன. ஒரு மதிப்பெண் இரண்டு மதிப்பெண் வேற்றுமைக்காக மாணவரை வரிசைப்படுத்துவது இதனால் குறையும் என்பதே கருத்து.

இனி, அலகு என்பது யாது? ஆங்கிலத்தில் ‘கிரெடிட்’ என்று வழங்குவதை நாம் அலகு என்று சொல்கிறோம். அது ஒரு பாடத்தின் பளுவை அளப்பது. ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் விரிவுரை நடந்தால் அது ஓர் அலகு. செய்முறைப் பயிற்சியாயின் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சேர்ந்து ஓர் அலகாகும். எனவே நான்கு அலகுத் தாள் என்றால், வாரத்துக்கு நான்கு மணி நேரம் வகுப்பில் அமர்ந்து கற்கும் தாள் என்று கொள்ளலாம். முதுநிலைப் படிப்பு வழக்கமாக இரண்டாண்டு, நான்கு பருவம். 2023-ஆம் ஆண்டில் வெளியான தேசிய அலகுச் சட்டகத்தின்படி ஓராண்டுப் படிப்புக்கு 40 அலகு. ஆகவே பருவத்துக்கு ஏறக்குறைய 20 அலகு என்று ஆகிறது.

எழுத்தையும் அலகையும் இணைத்தால்தான் சராசரி பிறக்கிறது. இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு மாணவிக்கு முதற்பருவத்தில் ஐந்து பாடங்கள். முதன்மைத் தாள்கள் மூன்று; ஒவ்வொன்றுக்கும் 4 அலகு. செய்முறை ஒன்றுக்கு 2 அலகு. விருப்பத் தாள் ஒன்றுக்கு 2 அலகு. கூட்டினால் 16 அலகு. முதன்மைத் தாள்களில் அவள் முறையே ‘ஏ’, ‘பி பிளஸ்’, ‘ஓ’ ஆகியவற்றைப் பெறுகிறாள். செய்முறையில் ‘பி’; விருப்பத் தாளில் தேர்ச்சித் தரம். இப்போது புள்ளியை அலகாற் பெருக்க வேண்டும். நான்கு எட்டு 32; நான்கு ஏழு 28; நான்கு பத்து 40; இரண்டு ஆறு 12; இரண்டு நான்கு 8. ஆக மொத்தம் 120. இதைப் பதினாறால் வகுத்தால் 7.5. இதுவே எஸ்.ஜி.பி.ஏ. என்று அச்சிடப்பெறும் பருவச் சராசரி.

இதே மாணவி, அதே ஐந்து எழுத்துகளையே பெறுகிறாள். ஆனால் ‘ஓ’ விருப்பத் தாளிலும், தேர்ச்சித் தரம் மூன்றாம் முதன்மைத் தாளிலும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது கூட்டுத்தொகை 108; சராசரி 6.75. எழுத்துகள் மாறவில்லை, அவை அமர்ந்த இடம் மட்டுமே மாறியது. அதனால் முக்காற் புள்ளி குறைந்துபோயிற்று. எளிய விருப்பத் தாளில் உயர்ந்த எழுத்தை ஈட்டிக் கனமான தாளில் சறுக்கிய பிள்ளையின் தரப்பட்டியல், மேலோட்டமாகப் பார்க்கையில் அழகாயிருக்கும். சராசரி மட்டும் ஏன் தாழ்ந்தது என்று பெற்றோர்க்கு விளங்காது. காரணம் இதுதான். எந்தத் தாளுக்கு எத்தனை அலகு என்பதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே அறிந்து, உழைப்பை அதற்கேற்பப் பங்கிடுவது அறிவுடைமை.

பருவந்தோறும் வருகிற சராசரிகளைச் சேர்த்துக் கணிப்பது சி.ஜி.பி.ஏ. எனப்படும் திரண்ட சராசரி. இங்கும் வெறுமனே கூட்டி இரண்டால் வகுத்தல் கூடாது. முதற்பருவத்தில் 16 அலகுக்கு 7.5, இரண்டாம் பருவத்தில் 20 அலகுக்கு 6.6. கூட்டி வகுத்தால் 7.05 வருகிறது. அலகாற் பெருக்கினாலோ 120-உம் 132-உம் சேர்ந்து 252. அதை 36-ஆல் வகுத்தால் சரியாக 7. இவ்வளவு சிறு வேற்றுமையால் என்ன கெடுதி என்று கேட்கலாம். கெடுதி உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

இதுவரை சொன்னது, எழுத்து வந்த பிறகு நடக்கும் கணக்கு. எழுத்து எவ்வாறு வருகிறது என்பது வேறு வினா. அதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, எல்லையை முன்னரே வகுத்துவிடுவது. இத்தனை மதிப்பெண்ணுக்கு மேற்பட்டால் ‘ஏ’, அதற்குக் கீழ்ப்பட்டால் ‘பி பிளஸ்’ என்று விதியில் எழுதியிருக்கும். வகுப்பில் உள்ளோர் அனைவரும் அந்த எல்லையைத் தாண்டினால் அனைவர்க்கும் ‘ஏ’ கிடைக்கும். மற்றொன்று, வகுப்பை நோக்கி அளப்பது. எல்லாருடைய மதிப்பெண்களையும் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்போர் யார், மேலே நிற்போர் யார் என்று கண்டு எழுத்து வழங்குவது. கடினமான தாளில் 62 பெற்றவர் வகுப்பில் முதல்வராயிருந்தால் அவருக்கு உயர்ந்த எழுத்து கிடைக்கலாம். எளிய தாளில் எல்லாரும் எண்பதைத் தாண்டியிருக்கையில் 78 பெற்றவருக்குத் தாழ்ந்த எழுத்து வரலாம்.

ஐ.ஐ.டி. முதலிய நிறுவனங்களில் இரண்டாம் முறை பெரிதும் வழக்கில் உள்ளது. இருநூறு பேர் பயிலும் வகுப்பில் அது ஓரளவு நியாயமாக அமையும். வினாத்தாள் கடினமாயினும் எளிதாயினும் அதன் விளைவு எல்லார்க்கும் பொதுவாகிவிடும். ஆனால் முதுநிலை வகுப்புகள் பல மிகச் சிறியவை. பன்னிருவர் பயிலும் வகுப்பில், பன்னிருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்களாயின், அவர்களுள் ஒருவரை நடுத்தரம் என்றும் ஒருவரைக் கடைத்தரம் என்றும் பிரிப்பது பொருந்துமா? இதை உணர்ந்த ஆசிரியர்கள் சிறு வகுப்புகளில் எல்லையை நெகிழ்த்திக் கொள்கிறார்கள். நாம் அறிய வேண்டுவது இவ்வளவே: ‘பி பிளஸ்’ என்ற எழுத்து, மாணவர் எவ்வளவு கற்றார் என்பதைச் சொல்கிறதா, உடன் பயின்றோரிடையே எங்கு நின்றார் என்பதைச் சொல்கிறதா என்பது, அந்த நிறுவனத்தின் விதியைப் படித்தால்தான் தெரியும்.

மதிப்பிடுவோர் யார் என்பதிலும் மாற்றம் வந்துள்ளது. முகம் அறியாத தேர்வாளரின் ஆட்சி முழுமையாக நீங்கவில்லை. எனினும் கற்பிக்கும் ஆசிரியரே பருவத்தினிடையே வழங்கும் அகமதிப்பீடு அதனுடன் சேர்ந்துகொண்டது. அதன் பங்கு நூற்றுக்கு 25 என்று வைத்த பல்கலைக் கழகமும் உண்டு. அதனினும் மிகுதியாக வைத்தவையும் உண்டு. முழு மதிப்பீட்டையும் ஆசிரியரிடமே விட்டவையும் உண்டு. கட்டுரை, கருத்தரங்க உரை, இடைத்தேர்வு, வகுப்பில் நடக்கும் உரையாடல் யாவும் இதில் எடைபோடப்படும். ஓராண்டு உழைப்பை மூன்று மணி நேரத்தில் அளந்த கொடுமை இதனால் தணிகிறது. ஆனால் வாய்திறந்து பேசத் தயங்கும் பிள்ளைக்கு இது புதிய சோதனை. வேற்று மொழிச் சூழலில் பயிலும் நம் பிள்ளைகள், எழுத்தில் வல்லவராயினும், கருத்தரங்கில் பின்தங்கி நிற்றல் கூடாது. அங்கே காட்டும் மௌனமும் மதிப்பெண்ணாக மாறிவிடும்.

ஒரு தாளில் தவறியதைக் குறிக்கும் பெயரும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. தமிழ்நாட்டு மாணவர் அதனை ‘அரியர்’ என்பர். வடநாட்டில் ‘பேக்’ என்பர். மகாராஷ்டிரத்தில், தவறிய தாளைப் பின்னர் எழுதிக்கொள்வதாக மேல் வகுப்புக்குச் செல்ல இடந்தரும் விதியை ‘ஏ.டி.கே.டி.’ என்று சுருக்கமாக வழங்குவர். சொல் வேறாயினும் பொருள் ஒன்றே. அந்தத் தாளின் அலகு இன்னும் கைவரவில்லை. மீண்டும் எழுதி வென்றால்தான் அது கணக்கில் ஏறும். வீட்டில் பெரியவர்கள் இச்சொற்களைக் கேட்டு அஞ்சவும் வேண்டா, பொருளறியாமல் அசட்டையாக விடவும் வேண்டா.

இப்பொழுது நாம் இப்பேச்சின் மையத்துக்கு வருகிறோம். பத்துக்குக் கணிக்கப்பட்ட சராசரி ஒன்று கையில் இருக்கிறது. ஆனால் நாட்டின் வாயில்களிற் பல இன்னும் நூற்றுக்கு எத்தனை என்றே கேட்கின்றன. அவற்றுள் தலையாயது 55 என்னும் எண். கல்லூரி உதவிப் பேராசிரியராக வேண்டுமாயின் முதுநிலையில் நூற்றுக்கு 55, அல்லது அதற்கு இணையான தரம் வேண்டும். ‘நெட்’ என வழங்கும் தேசியத் தகுதித் தேர்வுக்கும், ஆராய்ச்சிப் பட்டத்தில் சேர்வதற்கும் அதே 55 கேட்கப்படுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர்க்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. ‘நெட்’ தேர்வில் பின்னத்தை முழு எண்ணாக்கிக் கொள்ள விதி இடம் தருவதில்லை. 54.9 பெற்றவர் 55 பெற்றவர் ஆகார். சற்று முன்னர் 7.05 என்பதற்கும் 7 என்பதற்கும் உள்ள சிறு வேற்றுமையைக் கூறினோம் அன்றோ? எல்லைக்கோட்டின் அருகில் நிற்போர்க்கு அது வாழ்வையே திருப்பும் வேற்றுமை.

இந்த 55, பத்துப் புள்ளி அளவில் எங்கே நிற்கிறது? இங்குதான் அளவைகள் பிரிகின்றன. பல பல்கலைக் கழகங்கள் சராசரியைப் பத்தாற் பெருக்கினால் விழுக்காடு கிடைக்கும் என்கின்றன. அவ்வழியில் 5.5 இருந்தால் போதும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் நிறுவனங்களுக்கென வெளியிட்ட அட்டவணையிலோ 6.25 என்பதே 55-க்கு நேர், 6.75 என்பது 60-க்கு நேர், 7.25 என்பது 65-க்கு நேர். சராசரியிலிருந்து முக்காலைக் கழித்துப் பின்னர்ப் பத்தாற் பெருக்குவதற்கு இது சமம். இனி, 6.1 பெற்ற ஒரு மாணவரை நினைத்துப் பாருங்கள். முதல் அளவையில் அவருக்கு நூற்றுக்கு 61, முதல் வகுப்பு. இரண்டாம் அளவையில் 53.5, ‘நெட்’ தேர்வுக்கும் தகுதியில்லை. அவர் எழுதிய விடைகள் ஒன்றே. பெற்ற எழுத்துகள் ஒன்றே.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. மானியக் குழு தன் பத்துப் புள்ளி அளவைப் பரிந்துரைத்தபோது, எல்லையை முன்னரே வகுக்கும் முறையில், ‘பி’ தரத்தின் கீழெல்லை 50-க்கும், ‘பி பிளஸ்’ தரத்தின் கீழெல்லை 55-க்கும் குறைதல் கூடாது என்றது. ஆசிரியர் பணிக்குரிய அந்த எண்களை மனத்திற் கொண்டே இவ்வாறு வரையறுத்தது. ஒரு பல்கலைக் கழகம் அந்த எல்லையைச் சரியாக 55-இலேயே வைத்தது என்று கொள்வோம். ஒவ்வொரு தாளிலும் 55 மட்டுமே பெற்ற மாணவருக்கு எல்லாத் தாளிலும் ‘பி பிளஸ்’; சராசரி 7. அதைப் பத்தாற் பெருக்கினால் 70! ஐம்பத்தைந்து, எழுத்தின் வழியாகச் சென்று வெளியே வருகையில் எழுபதாகிவிடுகிறது. ஆகவே பத்தாற் பெருக்கிக் கிடைப்பதை அந்நாளைய மதிப்பெண் என்று நம்பி, ‘நாங்கள் படித்த காலத்தில் எழுபது வாங்குவது எவ்வளவு அரிது’ என்று வியப்பதும் பொருந்தாது. ஏழுதானா என்று இகழ்வதும் பொருந்தாது.

எழுத்துகளே கூட எங்கும் ஒரே பொருள் தருவதில்லை. தில்லி ஐ.ஐ.டி.யில் ‘ஏ’ என்றால் புள்ளி 10. அதற்கு மேல் எழுத்தே இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் முதலிடம் ‘எஸ்’ என்னும் எழுத்துக்கு. அங்கே ‘ஏ’ என்பது 9. மானியக் குழுவின் அளவில் ‘ஏ’ என்பது 8. மும்பை ஐ.ஐ.டி.யிலோ எழுத்துகள் இரட்டையாக வரும். ‘ஏஏ’ என்றால் 10, ‘ஏபி’ என்றால் 9. தில்லியில் வாழும் ஒரு குடும்பமும் சென்னையில் வாழும் அவர்தம் உறவினரும் தொலைபேசியில் பிள்ளைகளின் எழுத்துகளை ஒப்பிட்டுப் பேசினால், இருவரும் உண்மையே சொல்லியும் இருவருக்கும் தவறான எண்ணமே மிஞ்சும்.

இந்நிலையில் நாம் செய்யத்தக்கது என்ன? தரப்பட்டியலைப் பெறும்போதே அதன் பின்புறத்தைப் படிக்க வேண்டும். எழுத்துக்குரிய புள்ளியும், விழுக்காடாக மாற்றும் வழியும் பெரும்பாலும் அங்கே அச்சிடப்பட்டிருக்கும். இல்லையெனில், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனுச் செய்து, தம் சராசரி எத்தனை விழுக்காட்டுக்கு இணை என்பதற்குச் சான்று பெற்றுவிட வேண்டும். படிப்பு முடிந்து ஊர் திரும்பிய பின், ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து அதைப் பெற முயல்வது எளிதன்று. மனுச் செய்யும் இடங்களில் பல, மாணவர் பயின்ற பல்கலைக் கழகத்தின் மாற்று விதியையே ஏற்றுக்கொள்ளும். ஆனால் அவ்விதி எழுத்து வடிவில் கையில் இருக்க வேண்டும். தரப்பட்டியல் ஒன்று, அதை விளக்கும் விதி ஒன்று. இவ்விரண்டும் சேர்ந்ததே முழுமையான ஆவணம் என்று கொள்ளுங்கள். டிஜிலாக்கரில் அவற்றைச் சேமித்து வைப்பதும் இடம்பெயர்ந்து வாழ்வோர்க்கு நல்ல காவலாகும்.

எழுத்தில் ஐயம் ஏற்பட்டால் வாளாவிருக்க வேண்டா. மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் ஒவ்வொரு பல்கலைக் கழகமும் காலக்கெடு வைத்திருக்கிறது. முடிவு வெளியான சில நாட்களுக்குள் மனுச் செய்தாக வேண்டும். தேர்வெழுதியவர் தம் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பார்வையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. விடைத்தாள் பாதுகாத்து வைக்கப்படும் காலத்துக்குள் கேட்க வேண்டும் என்பதை மட்டும் மறத்தல் ஆகாது.

படிப்பின் நடுவில் ஊர் மாற நேர்ந்தவர்களுக்குப் புதிய வசதி ஒன்றும் வந்துள்ளது. 2021-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கல்வி அலகு வங்கியில், ஒரு பல்கலைக் கழகத்தில் ஈட்டிய அலகுகளைச் சேமித்து, அதில் சேர்ந்துள்ள மற்றொரு பல்கலைக் கழகத்துக்கு எடுத்துச் செல்லலாம். அவை அதிக அளவாக ஏழாண்டுகள் செல்லுபடியாகும். முன்னாளில் தந்தையின் பணிமாற்றத்தாலோ திருமணத்தாலோ படிப்பை இடையில் விட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இத்தகைய வழி இருந்ததில்லை. ஆயினும் வங்கி காப்பது அலகுகளைத்தான். அவற்றை எவ்வளவு ஏற்பது என்பதைச் சேரப்போகும் பல்கலைக் கழகத்தை முன்னரே கேட்டுக் கொள்ளுதல் நலம்.

முதுநிலைக்கு மேற்பட்ட ஆராய்ச்சிப் படிப்பைப் பற்றியும் ஒரு சொல். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆராய்ச்சி மாணவர் முதலில் 12 அலகுக்குக் குறையாத பாடங்களைப் பயில வேண்டும். அவற்றிலும் நூற்றுக்கு 55, அல்லது இணையான தரம் பெற்றால்தான் ஆய்வைத் தொடரலாம். அதுவரை எழுத்தும் எண்ணும் அவரைத் தொடர்கின்றன. பின்னர் ஆய்வேட்டை எழுதி முடிக்கையில், வழிகாட்டியுடன் வெளியார் இருவரேனும் அதைப் படித்து மதிப்பிடுவர்; அறிஞர் முன்னிலையில் வாய்மொழித் தேர்வும் நடக்கும். ஆனால் அந்த ஏட்டுக்கு ‘ஏ’ என்றோ ‘பி’ என்றோ எழுத்து வழங்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஏற்கத்தக்கதா, திருத்தத்தக்கதா, மறுக்கத்தக்கதா என்பதே வினா. கல்வியின் மிக உயர்ந்த படியில், மதிப்பெண் முறை தானே ஒதுங்கி நின்று, ‘இதில் புதியது என்ன கண்டாய்?’ என்று மட்டும் கேட்கிறது. அது நாம் சிந்திக்கத்தக்க ஒன்று.

எழுத்துத் தரம் வந்ததன் நோக்கம், பிள்ளைகளை ஒரு மதிப்பெண் இரு மதிப்பெண்ணுக்காகப் பிரித்து வைக்கும் வழக்கத்தை ஒழிப்பது. ஆனால் அந்த எழுத்தைப் புள்ளியாக்கி, புள்ளியைச் சராசரியாக்கி, சராசரியை விழுக்காடாக்கி, இரண்டு தசம இடம் வரை கணக்கிட்டு, பழைய இடத்துக்கே நாம் அதைத் திரும்பக் கொண்டுவந்து விட்டோம். நாட்டின் வாயில்கள் எல்லாம் ஒரே அளவையை ஏற்கும் நாள் வரட்டும். அதுவரை நம் பிள்ளைகள் இரண்டு அளவைகளையும் அறிந்தே நடக்க வேண்டியவர்கள். அவர்கள் கொண்டுவரும் தாளில் 6.8 என்று கண்டால், அது எந்தப் படியால் அளந்தது, கனமான தாள்களில் வந்ததா இலேசான தாள்களில் வந்ததா, முதற்பருவத்திலிருந்து ஏறி வந்ததா இறங்கி வந்ததா என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கிற பெற்றோரிடம் பிள்ளைகள் மறைக்காமல் பேசுவார்கள். எல்லைக்கோட்டருகில் நிற்கும் பிள்ளைக்கு, ஒரு பருவம் மீதமிருக்கும்போதே அந்த உரையாடல் நடந்துவிட்டால், கோட்டைத் தாண்ட அவகாசம் இருக்கும்.